அம்மா தினமும் நடுத்தடுப்புச் சந்தில் நுழைந்து ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கிறார். எப்படிச் சொன்னால் கேட்பார்?

கேள்வி: குரோம்பேட்டை செல்வி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு சென்னை குரோம்பேட்டையில், தெற்கே போகும் பெரிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 69. சர்க்கரை உண்டு, இடது முழங்காலில் தேய்மானம் உண்டு, மற்றபடி திடமான ஆள். தினமும் காலை ஆறரை மணிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கீரையும் பூவும் வாங்கப் போவார். வெள்ளிக்கிழமை என்றால் அம்மன் கோயிலுக்கும் போவார்.

தெரு முனையிலிருந்து சிக்னல் எவ்வளவு தூரம் என்று நானே நடந்து எண்ணிப் பார்த்தேன். 420 எட்டு. ஆனால் தெரு முனைக்கு நேர் எதிரே நடுத்தடுப்பில் யாரோ ஒரு கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. தெருவே அதில்தான் நுழைகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நுழைகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அம்மா சந்தில் நுழையும்போது புடவைத் தலைப்பு கம்பியில் மாட்டிக்கொண்டது. அவர் திரும்பி அதை எடுக்க, உடம்பு பாதி ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு தண்ணீர் லாரி அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. நான் கத்தினேன். அவர் காதில் விழவே இல்லை. சாவகாசமாகத் தலைப்பை உதறிச் சொருகிக்கொண்டு கீரைக்காரம்மாவிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "நாப்பது வருஷமா இந்த ரோட்டைத்தான் தாண்டுறேன். ஆள் வர்றதைப் பாத்தா அவன் நிறுத்துவான், அவனும் தாய்க்குப் பொறந்தவன்தானே" என்கிறார். அவர் கல்யாணமாகி வந்தபோது இந்த ரோடு வேறு மாதிரி இருந்தது. இப்போது ஒரு பக்கத்துக்கே மூன்று வரிசை, ஆபீஸ் நேரத்தில் அது ஐந்து வரிசை ஆகிவிடுகிறது. அதை அவர் மனம் ஏற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். இரண்டு மாதத்துக்கு முன் போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கிய ஒரு கல்லூரிப் பையன் மேல் மோதாமல் இருக்கப் பிரேக் பிடித்து நான் விழுந்தேன். கை முட்டியில் சிராய்ப்பு, வலது மணிக்கட்டு மூன்று வாரம் வீங்கியே இருந்தது. பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதனால்தான் என் பயம் அம்மாவைப் பற்றி மட்டும் இல்லை, அவரைத் தவிர்க்கப் போய் விழப்போகிற இன்னொருவரைப் பற்றியும் பயம் இருக்கிறது.

வயதானவர்களுக்கு இதை எப்படிப் புரிய வைத்தீர்கள்? நடந்து போகிறவருக்கு என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? ஏதாவது ஆனால் தப்பு யார் மேல் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய ஸ்டியரிங்

அம்மா, நான் 31 வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். முதல் பாதி டவுன் பஸ், அப்புறம் வெளியூர் வண்டி. நீங்கள் சொல்கிற ரோட்டில் எத்தனை டிரிப் அடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து உங்கள் அம்மா எப்படித் தெரிவார் என்று சொல்கிறேன். அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

முதலில் தூரம். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று வரிசை ரோடு என்றால் அகலம் பத்து மீட்டருக்கு மேல். நல்ல காலுள்ளவர் அதைக் கடக்க ஒன்பது நொடி. முழங்கால் தேய்ந்தவருக்குப் பதின்மூன்று நொடி ஆகும். அந்தப் பதின்மூன்று நொடியில் அறுபதில் வருகிற வண்டி இருநூறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது அம்மா ரோட்டில் கால் வைக்கும்போது, அவர் மேல் மோதக்கூடிய வண்டி அவர் கண்ணுக்கு ஒரு பொட்டு மாதிரி தூரத்தில் இருக்கும். "ரோடு காலியாத்தான் இருந்துச்சு, எங்கேர்ந்து வந்தான்னே தெரியலை" என்று அடிபட்டவர்கள் சொல்வது பொய் இல்லை. அவர்கள் பார்த்தபோது நிஜமாகவே காலியாகத்தான் இருந்தது.

அடுத்து, "பாத்தா நிறுத்துவான்" என்பது. நிறுத்தத்தான் நினைப்பான். ஆளைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி, ஒன்றரை நொடி. அதற்குள் கார் இருபது இருபத்தைந்து மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்த பிறகு இன்னொரு இருபது மீட்டர். காய்ந்த ரோடு, நல்ல டயர் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஆள் நிறைந்த பஸ்ஸுக்கு இன்னும் நீளும். பஸ்ஸில் இன்னொரு சங்கடம் உண்டு. படிக்கட்டு வரை நாற்பது பேர் நின்றுகொண்டு வருவார்கள். முன்னால் ஒருவர் குறுக்கே வந்தார் என்று நான் முழு பிரேக் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஒரு தடவை அப்படி அடித்ததில் ஒரு பாட்டியம்மா முன் சீட்டுக் கம்பியில் மோதி இரண்டு பல் போயிற்று. குறுக்கே ஓடியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அந்தப் பாட்டி என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது, என் அனுபவத்தில் இதில்தான் அதிகம் பேர் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த பஸ்ஸுக்கு முன்னாலேயே குறுக்கே நடப்பது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் முன் கண்ணாடிக்குக் கீழே, பம்பரை ஒட்டி நிற்கும் குள்ளமானவர்கள் தெரியவே மாட்டார்கள். குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். கண்டக்டர் விசில் அடித்தார், வலது கண்ணாடியைப் பார்த்தேன், எடுத்தேன் என்றால் அவ்வளவுதான். நான் எடுக்காமல் நின்றாலும் ஆபத்துதான். பஸ் நிற்கிறதே என்று வலது பக்கம் பைக்கில் ஓவர்டேக் செய்து வருகிறவனுக்கு நீங்கள் பஸ்ஸின் மறைவிலிருந்து திடீரென்று முளைப்பீர்கள். பஸ் கிளம்பிப் போகட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ரோடு திறந்த பிறகு இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கலாம்.

இப்போது நான் எழுதப்போவது பதினெட்டு வருடமாக என் நெஞ்சில் கிடப்பது. மதிய நேரம். ஒரு பெரியவர் கையைக் காட்டிக்கொண்டே இறங்கினார். பாவம், வெயிலில் நிற்கிறாரே என்று நான் வண்டியை நிறுத்தி, "போங்க பெரியவரே" என்று கையசைத்தேன். அவர் என் வண்டியின் முழு அகலத்தையும் கடந்து அடுத்த வரிசையில் கால் வைத்தார். வலது பக்கம் வந்த பைக் அவரைத் தூக்கிப் போட்டது. பைக்காரனுக்கு அவர் தெரியவில்லை, என் பஸ் மறைத்துக்கொண்டது. அவருக்கும் பைக் தெரியவில்லை, நான் கையசைத்ததை நம்பித்தான் நடந்தார். தொடை எலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அப்புறம் அவர் சரியாக நடக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் கையசைத்து வழி விட்டதில்லை. நிறுத்துவேன். வலது கண்ணாடியைப் பார்ப்பேன். பின்னால் வருகிறவன் வேகம் குறைக்கும்படி கையை வெளியே நீட்டுவேன். அவ்வளவுதான். மீதியை நடக்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவன் நிறுத்தினால் அந்த ஒரு வரிசைதான் உங்களுடையது. அடுத்த வரிசைக்கு முன் நின்று, தலையை நீட்டிப் பார்த்து, பிறகுதான் அடுத்த எட்டு.

இன்னொன்று, பாதி ரோட்டில் பயந்து திரும்பி ஓடாதீர்கள். நீங்கள் இடமிருந்து வலம் போகிறீர்கள் என்றால் ஓட்டுகிறவன் உங்கள் முதுகுப் பக்கம் வண்டியை ஒடித்திருப்பான். நீங்கள் திரும்பினால் நேராக அவன் வழியில்தான் விழுவீர்கள்.

உங்கள் அம்மாவிடம் "டிரைவர் கெட்டவன்" என்று சொல்லாதீர்கள், அவர் நம்ப மாட்டார். அவர் சொல்வது சரிதான், எல்லோரும் தாய்க்குப் பிறந்தவர்கள்தான். தாயைப் பார்த்த பிறகும் வண்டி நிற்க நாற்பது, ஐம்பது மீட்டர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: வார்டு சிஸ்டர்

செல்வி, எலும்பு முறிவு வார்டில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். டிரைவர் ஐயா ரோட்டில் நடப்பதைச் சொன்னார். அதற்குப் பிறகு எங்களிடம் வருவதை நான் சொல்கிறேன்.

கார் இடித்தால் பம்பர் முதலில் முழங்காலுக்குக் கீழே, முன்கால் எலும்பில்தான் படும். அந்த எலும்புக்கு முன்னால் சதையே கிடையாது, தோல் மட்டும்தான். அதனால் எலும்பு உடைந்து வெளியே வந்துவிடும். ரோட்டு மண்ணும் எண்ணெயும் உள்ளே போயிருக்கும். கழுவி, வெளிப்பக்கமாகக் கம்பி மாட்டி, சீழ் பிடிக்காமல் காப்பாற்றி, அப்புறம்தான் உள்ளே ராடு. சர்க்கரை இருக்கிறவர்களுக்குப் புண் ஆறவே மாதக்கணக்கில் ஆகும். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அதுதான் கண்ணில் நின்றது.

தயவு செய்து அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், காதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மாடியிலிருந்து கத்தியது கேட்கவில்லை என்கிறீர்கள். ஹாரனும் கேட்காமல் இருக்கலாம். கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் வண்டி வருவது தெரியும், எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான் பிடிபடாது. எங்களிடம் வரும் வயதானவர்களில் பலர் "தூரத்தில்தான் வந்தான்" என்கிறார்கள்.

எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று: தமிழ்நாட்டில் எங்கே சாலை விபத்து நடந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்றும் பார்ப்பதில்லை. கூட்டி வருகிறவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சட்டமே அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. அதனால் ரோட்டில் யாராவது கிடந்தால் போலீஸ் கேஸ் என்று பயந்து ஒதுங்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பதில்: நடைபாதை குமரன்

எனக்கு இந்தப் பேச்சில் ஒரு மனக்குறை. எல்லாவற்றையும் நடக்கிறவன் தலையிலேயே கட்டுகிறோம். நான் கார், பைக் எதுவும் இல்லாதவன். இந்த ஊரில் நடந்தே வேலைக்குப் போகிறேன். நடைபாதையில் டிரான்ஸ்பார்மர் பெட்டி, கடைப் படிக்கட்டு, நிறுத்தி வைத்த பைக். இறங்கித்தான் நடக்க வேண்டும். ஜீப்ரா கோட்டில் நின்றால் ஒரு வண்டி நிற்காது, கோட்டின் மேலேயே வந்து நிற்பார்கள். நடை மேம்பாலத்துக்கு ஐம்பது அறுபது படி. முழங்கால் தேய்ந்த அம்மாவை அதில் ஏறச் சொல்வது நியாயமா?

2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். அத்தனை பேரும் கவனமில்லாமல் நடந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்ட இடத்தில் ரோட்டைக் குறுக்கே கடப்பதை ஆங்கிலத்தில் 'ஜேவாக்கிங்' என்பார்கள். அந்தச் சொல்லின் கதையே வேறு. அமெரிக்காவில் கார் பெருகிய காலத்தில் பிறந்தது. 'ஜே' என்றால் பட்டணத்து நடைமுறை தெரியாத பட்டிக்காட்டான் என்று கேலி. அதுவரை ரோடு எல்லோருக்கும் பொது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1925இல் நடக்கிறவர்களைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. இப்போது அதே கலிபோர்னியாவில், உடனடி ஆபத்து இல்லாதபோது குறுக்கே கடந்ததற்காக மட்டும் போலீஸ் ஒருவரை நிறுத்தி அபராதம் போடக் கூடாது என்று 2023 ஜனவரி முதல் சட்டம். பிரிட்டனில் இப்படி ஒரு குற்றமே கிடையாது.

நம் நாட்டிலும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012இல் போட்ட வழக்கு. சிஸ்டர் பார்க்கிற அதே காட்சிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவரும் கோர்ட்டுக்குப் போயிருப்பார்.

பதில்: பழைய ஸ்டியரிங்

குமரன் தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். ஜீப்ரா கோட்டில் ஆள் கால் வைத்தால் வண்டி நிற்க வேண்டும், அது ஓட்டுகிறவன் கடமை. எங்கள் ஆட்களே பலர் அதை மதிப்பதில்லை என்பது எனக்கு வெட்கம்தான்.

ஆனால் நடைபாதை வரும்வரை செல்வியின் அம்மா தினமும் காலை ஆறரைக்குக் கீரை வாங்கப் போகிறாரே தம்பி. யார் மேல் தப்பு என்பதை விபத்துக்குப் பிறகு பேசலாம். அடிபடுகிற உடம்பு எப்போதும் நடக்கிறவருடையது. ஆயிரத்து ஐந்நூறு கிலோ இரும்போடு வாதாட முடியாது. அதனால்தான் நான் நடக்கிறவரிடம் பேசுகிறேன், குற்றம் சொல்வதற்காக இல்லை.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, வண்டி எதிரே வரும்படி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது, எதிரே வருவது தெரியும். வெளியூர் வண்டி ஓட்டியபோது தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களை எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். பச்சை வேட்டி, காவி வேட்டி, இருட்டில் எல்லாம் ஒரே கறுப்புதான். எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது, பத்துப் பேர் நடக்கிற கூட்டமே கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். முதுகிலோ பையிலோ அந்த ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தால் போதும், நூறு மீட்டருக்கு முன்னாலேயே பளிச்சென்று தெரியும். போலீஸ்காரர்கள் வழியில் நின்று ஒட்டிவிடுவார்கள். சிலர் கொஞ்ச தூரம் போய்ப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள், சாமிக்குப் போகும்போது எதற்கு என்று. எனக்கு வயிற்றைப் பிசையும்.

பதில்: தேக்கா தமிழன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடைக்கடப்புக்கு 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் குறுக்கே கடந்தால் குற்றம். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் மாட்டி அபராதம் கட்டினேன். ஆனால் அபராதத்தால் மட்டும் இங்கே ஆட்கள் சிக்னலுக்குப் போகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. 2009இலிருந்து 'கிரீன் மேன் பிளஸ்' என்று ஒரு ஏற்பாடு. முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் இருக்கும் கருவியில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாகச் சில நொடிகள் எரியும். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அட்டையைத் தட்ட, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடந்தார்கள். மாமியார் சொன்னார், "நமக்காக நிக்குது பாரு" என்று. அம்மா சிக்னலுக்குப் போகாததற்கு அங்கே பச்சை விளக்கு சீக்கிரம் மாறிவிடுவதும் காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள் செல்வி.

பதில்: செங்கல்பட்டு வக்கீல்

சட்டம் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் பெரும்பாலும் ஓட்டுகிறவரைப் பற்றியது. பாதசாரிகளுக்கு விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தரும் 138(1ஏ) பிரிவு 2019 திருத்தத்தில்தான் வந்தது. ரயில் தண்டவாளம் என்றால் கதை வேறு. அத்துமீறிக் கடந்தால் ரயில்வே சட்டம் 147இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தப்பு யார் மேல் என்பது இழப்பீட்டு வழக்கில்தான் வெளிப்படும். மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்று 166ஆம் பிரிவில் போனால், நடந்து போனவரின் கவனக்குறைவும் கணக்கில் வரும். தீர்ப்பாயம் பத்து லட்சம் என்று கணக்கிட்டு, தடுப்பைத் தாண்டிக் கடந்தார், அவர் பங்கு 30 சதவீதம் என்று முடிவு செய்தால் கைக்கு வருவது ஏழு லட்சம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். விடிகாலை ஆறரை மணிக்கு இடித்துவிட்டு நிற்காமல் போகிற லாரிக்கு யார் நம்பர் பார்த்து வைப்பார்கள்? இந்தப் பணக் கணக்கு அம்மாவை மாற்றாது என்று தெரியும். உங்கள் கேள்விக்காக எழுதினேன்.

பதில்: குரோம்பேட்டை செல்வி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

டிரைவர் ஐயா சொன்ன கணக்கை வாயால் சொல்லாமல் காட்டிவிடலாம் என்று சனிக்கிழமை காலை அம்மாவை மாடிக்கு அழைத்துப் போனேன். தூரத்தில் தெரியும் ஒரு பெட்ரோல் பங்க் போர்டைக் காட்டி, அங்கே வரும் வண்டி நம் தெரு முனைக்கு வரும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். பஸ்ஸுக்குப் பதினெட்டு எண்ணினார். ஒரு வெள்ளைக் காருக்கு ஒன்பதிலேயே முடிந்துவிட்டது. பேசாமல் இருந்தார். அப்புறம் தானாகவே இன்னொரு காரை எண்ணினார். அப்புறம் கீழே சந்தில் நுழைந்து கடக்கும் எதிர்வீட்டு அம்மாவை எண்ணினார். தடுப்பு வரைக்கும் மட்டும் பதினைந்து. "அடியாத்தீ" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை.

தேக்கா தமிழன் அண்ணா சொன்னதைக் கேட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னீர்கள். சிக்னலில் பச்சை விளக்கு அவர் பாதி வரும்போதே சிமிட்ட ஆரம்பித்துவிடுகிறதாம். "நான் நடு ரோட்டுல நிக்கும்போது எல்லாரும் ஹாரன் அடிச்சா எனக்குக் கை கால் நடுங்குது, சந்துலன்னா எப்ப போகணும்னு நான் முடிவு பண்ணுவேன்" என்றார். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. கேட்காமலேயே சண்டை போட்டிருக்கிறேன்.

ஞாயிறு அவரோடு சிக்னலுக்குப் போனேன். விளக்கு மாறும்போது நடுத்தடுப்பு மேடையிலேயே நின்றுவிடலாம், அடுத்த பச்சைக்கு மீதிப் பாதி என்று இரண்டு தடவை நடந்து காட்டினேன். திங்கள் காலை தானாகவே சிக்னலுக்குப் போனார். செவ்வாய் சந்தில் நுழைந்தார், கால் வலி என்றார். இன்றைக்கு மறுபடி சிக்னல். குமரன் சொன்னதை வைத்து, சிக்னல் நேரத்தைக் கூட்டவும் தெரு முனையில் முறையான கடப்பு அமைக்கவும் எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். 34 பேர் போட்டிருக்கிறார்கள். கண் டாக்டருக்கு வியாழக்கிழமை டோக்கன் போட்டாயிற்று.

டிரைவர் ஐயா, ஒரு உதவி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையசைத்து அனுப்பிய அந்தப் பெரியவர் கதை வந்ததும் கண் கலங்கிவிட்டார். "அந்த டிரைவர் தம்பிகிட்ட நான் பேசணும்" என்கிறார். நான் சொன்னால் ஒரு நாள் கேட்கிறார், ஒரு நாள் கேட்பதில்லை. நீங்கள் ஒரு தடவை போனில் பேசுவீர்களா?

பதில்: பழைய ஸ்டியரிங்

பேசுகிறேன் அம்மா. நம்பரை இங்கே போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் பேரன் தூங்கிவிடுவான், அப்போது கூப்பிடுகிறேன். அம்மா போனை எடுக்கும்போது உட்கார்ந்திருக்கட்டும். கடைக்குப் போகிற வழியில் எடுக்க வேண்டாம்.